புள்ளி எங்கே, ஐயா?



எங்கள் கணினிக் கழகத்தின் சனிக்கிழமை வகுப்பில் 2023-ஆம் ஆண்டு நடந்த ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். எழுதினால் என் தவறு ஒன்றையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கும் என்பதால் தள்ளிப்போட்டு வந்தேன். இன்று எழுதிவிடுகிறேன்.

ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, கறுப்புத் திரையில் 'தமிழ்' என்று தட்டெழுதினாள். திரையில் 'தமிழ' என்று வந்தது. அதன் பக்கத்திலே, புள்ளி இருக்க வேண்டிய இடத்தில், கோண அடைப்புக்குள் '0பிசிடி' என்று ஏதோ ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறி நின்றது.

"புள்ளி எங்கே, ஐயா?"

எனக்குத் தெரியவில்லை. "பொறு அம்மா, பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவளை வேறு வேலைக்கு அனுப்பினேன். பதினெட்டு ஆண்டுகளாக மாணவர்களின் கட்டுரைகளில் விடுபட்ட புள்ளிகளுக்குச் சிவப்பு மையால் வட்டம் போட்டு வருபவன் நான். கணினி போட்ட அந்தத் தவற்றுக்கு எங்கே வட்டம் போடுவது?

இனி, அந்தக் கறுப்புத் திரை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நன்கொடையாக வந்த ஒன்பது பழைய மடிக்கணினிகள் எங்கள் கணினிக் கூடத்தில் இருந்தன. புதிய விண்டோசைத் தாங்கும் வலிமை அவற்றுக்கு இல்லை. ஆகவே அவற்றில் உபுண்டு லினக்சை நிறுவினேன். சுட்டியைப் பிடித்து ஒவ்வொன்றாகச் சொடுக்குவதைவிட, முனையம் எனப்படும் கறுப்புச் சாளரத்தில் கட்டளையை எழுதி வேலை வாங்குவது அந்தப் பழைய கணினிகளுக்கு ஏற்றதாக இருந்தது. கணினி நாம் எழுதியதைத்தான் செய்யும், எண்ணியதைச் செய்யாது என்பதையும் மாணவர்கள் அங்கே நேரடியாகக் காணலாம்.

முனையத்திற்குள் இருந்துகொண்டு நம் கட்டளைகளை வாங்கிக் கணினிக்குச் சொல்லும் செயலிக்கு ஷெல் என்று பெயர். பெல் ஆய்வகத்தில் ஸ்டீவன் போர்ன் எழுதி, 1979-இல் ஏழாம் பதிப்பு யூனிக்சோடு வெளிவந்த ஷெல் புகழ்பெற்றது. அதைப் பின்பற்றி 1989-இல் பிரையன் பாக்ஸ் 'பாஷ்' என்பதை எழுதினார். உபுண்டுவில் இயல்பாகக் கிடைப்பது இந்தப் பாஷ்தான். இசட்-ஷெல் 1990-இல் வந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த பால் பால்ஸ்டாட் என்பவர் எழுதியது. அப்போது அங்கே துணை ஆசிரியராகப் பணியாற்றிய ஜோங் ஷாவ் என்பவரின் கணினிப் புகுபெயர் 'இசட்எஸ்எச்'. ஷெல்லுக்கு நல்ல பெயராக இருக்கிறதே என்று மாணவர் அதையே வைத்துவிட்டார். ஆசிரியரின் பெயர் இப்படி நிலைத்தது கண்டு எனக்குச் சற்றுப் பொறாமைதான்! ஆப்பிள் நிறுவனம் 2019-இல் கேட்டலீனா பதிப்பு முதல் இந்த இசட்-ஷெல்லையே தன் கணினிகளின் இயல்பு ஷெல்லாக வைத்துக்கொண்டது.

பாஷே போதுமானதாக இருந்தும் நான் ஏன் இசட்-ஷெல்லுக்கு மாறினேன்? உண்மையைச் சொன்னால், அழகுக்காகத்தான்.

2009-இல் ராபி ரஸ்ஸல் என்பவர் தொடங்கிய 'ஓ மை இசட்-ஷெல்' என்னும் இலவசத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. இசட்-ஷெல்லை நிறுவிய பின் இதையும் நிறுவினால், 300-க்கும் மேற்பட்ட செருகுநிரல்களும் நூற்றுக்கும் மேற்பட்ட தோற்றங்களும் ஒருசேரக் கிடைக்கும். செருகுநிரல் என்பது ஷெல்லுக்குப் புதிய திறன் ஒன்றைச் சேர்க்கும் சிறு நிரல். தோற்றம் என்பது, கட்டளைக்காகக் காத்திருக்கும் வரி எந்த வண்ணத்தில், எந்த வடிவத்தில், என்னென்ன செய்திகளோடு நிற்க வேண்டும் என்பதைச் சொல்வது. எல்லாவற்றையும் நம் இல்லக் கோப்புறையில் மறைந்திருக்கும் 'இசட்எஸ்எச்ஆர்சி' என்னும் ஒரே கோப்பில் எழுதிவைக்கலாம். தோற்றத்தின் பெயரை ஒரு வரியில் மாற்றிவிட்டு முனையத்தை மூடித் திறந்தால் வேறொரு முகம்!

தோற்றத்தின் பெயருக்குப் பதிலாக 'ரேண்டம்' என்று எழுதினால், முனையத்தைத் திறக்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு தோற்றம் தானாக வரும். இதைச் சொல்லிக்கொடுத்தது என் பிழை. அன்றைய வகுப்பு முழுவதும் மாணவர்கள் முனையத்தைத் திறப்பதும் மூடுவதுமாகவே கழிந்தது. அம்பு முனைகளோடு பட்டை பட்டையாக வரும் 'அக்னோஸ்டர்' தோற்றத்திற்கு ஏகப்பட்ட போட்டி. ஆனால், அதற்கெனத் தனிக் குறியீடுகள் கொண்ட எழுத்துரு வேண்டும். அது இல்லாத கணினிகளில் அம்பு வரவேண்டிய இடத்தில் வெறுங்கட்டம் வந்தது. எழுத்துருவை நிறுவிக் கட்டங்களைப் போக்கினேன். அடுத்ததாக, நிறைய செருகுநிரல்களைச் சேர்த்த கணினிகள் முனையத்தைத் திறக்கவே திணறின. ஆசைக்குச் சேர்த்தவற்றை ஒவ்வொன்றாக நீக்கி, கடைசியில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டோம். இவ்விரண்டும் தொகுப்பில் அடங்கியவை அல்ல. தனியே பதிவிறக்கிச் சேர்க்க வேண்டும். ஒன்று, முன்பு எழுதிய கட்டளைகளை நினைவில் வைத்து, நாம் தொடங்கும்போதே மீதியை மங்கலான எழுத்தில் காட்டுவது. வலப்பக்க அம்பு விசையை அழுத்தினால் அதை ஏற்றுக்கொள்ளும். மற்றொன்று, எழுதும்போதே கட்டளைக்கு வண்ணம் தீட்டுவது. அப்படியொரு கட்டளை இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. செருகுநிரல் பட்டியலில் இந்த வண்ணம் தீட்டுவதைக் கடைசியாகத்தான் எழுத வேண்டும்.

இந்த அலங்காரமெல்லாம் முடிந்த பிறகுதான் அம்மாணவி புள்ளி எங்கே என்று கேட்டாள்.

வீட்டிற்கு வந்து இரண்டு இரவுகள் தேடினேன். காரணம் பிடிபட்டது. ஒருங்குறியில் நம் 'தமிழ்' என்னும் சொல் ஐந்து குறிகளாக இருக்கிறது: த, ம, மேல்விலங்கு, ழ, புள்ளி. இவற்றுள் மேல்விலங்கு இடம் பிடிக்கும் குறி என்றும், புள்ளி இடம் பிடிக்காமல் முன்னெழுத்தின் தலைமேல் ஏறும் குறி என்றும் ஒருங்குறியில் வகுத்திருக்கிறார்கள். ஈகாரத்தின் மேல்விலங்குச் சுழியும் புள்ளியின் கூட்டத்தைச் சேர்ந்ததே. முனையம் என்பதோ சதுரக் கட்டத் தாள் போன்றது. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பது அதன் கணக்கு. கட்டமே இல்லாத ஒரு குறியை இந்த முனையம் சரியாகக் காட்டுமோ காட்டாதோ என்று இசட்-ஷெல் ஐயப்படுகிறது. ஐயம் வந்ததும் குறியைக் காட்டாமல் அதன் எண்ணைக் காட்டிவிடுகிறது. '0பிசிடி' என்பது நம் புள்ளியின் ஒருங்குறி எண்! ஆக, புள்ளி தொலைந்துபோகவில்லை. உள்ளே பத்திரமாகத்தான் இருந்தது.

இதற்குத் தீர்வு ஒரே வரி. அமைப்புக் கோப்பில் 'செட்ஆப்ட்' என்று எழுதி, ஓர் இடம் விட்டு, 'கம்பைனிங்_சார்ஸ்' என்று எழுத வேண்டும். சேர்ந்து நிற்கும் குறிகளை முனையம் சரியாகக் காட்டும், நம்பு என்று ஷெல்லுக்குச் சொல்வது இது. ஆப்பிள் கணினிகளில் இவ்வரியை முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறார்கள். நம்மைப் போல் லினக்சில் நிறுவுகிறவர்கள் நாமே எழுதிக்கொள்ள வேண்டும். பாஷிலேயே இருந்திருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது. அழகுக்கு ஆசைப்பட்டுப் போன இடத்தில் புள்ளியைத் தொலைத்துவிட்டுத் தேடியிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை அந்த வரியை அம்மாணவியே எழுதட்டும் என்று விட்டேன். முனையத்தை மூடித் திறந்து, 'தமிழ்' என்று எழுதினாள். 'ழ'வின் தலையில் புள்ளி ஏறியது. வகுப்பில் கைதட்டல். மெய்யெழுத்து புள்ளி பெற்று நிற்கும் என்று தொல்காப்பியம் சொல்லியிருந்தும், ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை என்பதையும், சுவடியைப் படிப்பவர்கள் இடமறிந்து புள்ளியைச் சேர்த்துப் படிக்க வேண்டியிருந்ததையும் அன்று அவர்களுக்குச் சொன்னேன். சாதாரண நாளில் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் செய்து பார்த்தோம். "'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து?" என்று கேட்டேன். "மூன்று" என்றார்கள். "கணினியைக் கேட்போம்" என்று, எண்ணிச் சொல்லும் 'டபிள்யூசி' கட்டளையிடம் கேட்டோம். பைட்டுகளை எண்ணு என்றால் 15 என்றது. குறிகளை எண்ணு என்றால் 5 என்றது. மூன்று என்று சொல்லவே இல்லை. தேடிப் பார்த்ததில், 'கிரெப்' என்னும் தேடற்கட்டளையைப் பெர்ல் முறையில் இயக்கி, பின்சாய்கோட்டோடு ஆங்கிலப் பெரிய எக்ஸ் எழுத்தைத் தந்தால், சேர்ந்து நிற்பவற்றை ஒன்றாகக் கொண்டு பிரித்துத் தரும் என்று தெரிந்தது. அப்படிப் பிரித்தவற்றை எண்ணினால் 3! நீண்ட அந்தக் கட்டளைக்கு 'எழுத்தெண்' என்று நாங்களே ஒரு தமிழ்ப் பெயர் வைத்தோம். வினை அங்கேதான் தொடங்கியது.

ஷெல்லில் எந்தக் கட்டளைக்கும் 'ஏலியஸ்' என்னும் மாற்றுப்பெயர் சூட்டலாம். பெயர் தமிழிலும் இருக்கலாம். கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளைக்குப் 'பட்டியல்' என்று பெயர் வைத்தேன். இடமாற்றும் 'எம்வி' கட்டளைக்கு 'நகர்த்து'. மாணவர்கள் 'பட்டியல' என்று எழுதும்வரை அது சிவப்பாக இருக்கும். கடைசிப் புள்ளியை வைத்ததும் பச்சையாகும். 'பட்டியள்' என்று எழுதினால் எத்தனை முறை எழுதினாலும் சிவப்புதான். லகர ளகர ழகர வேறுபாட்டை இவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க என்னால் முடிந்ததில்லை.

ஒரு தந்தையார் இதை விரும்பவில்லை. வகுப்பு முடிந்து மகனை அழைத்துச் செல்ல வந்தவர், "ஐயா, தப்பாக நினைக்காதீர்கள். இடைநிலைப்பள்ளியில் இவனுக்கு யார் தமிழில் கட்டளை வைத்துத் தருவார்கள்? ஆங்கிலத்திலேயே பழக்கிவிடுங்களேன்" என்றார். நியாயமான கேள்வி. பெயர் வைப்பவர் நாமே என்பதை அறிந்த பிள்ளை ஆங்கிலக் கட்டளைக்கு அஞ்சமாட்டான் என்று பதில் சொன்னேன். சொன்னபோது அதில் எனக்கு முழு நம்பிக்கை இருந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டுச் சென்றார்.

அவ்வாண்டுப் பள்ளி இதழுக்காக மாணவர்கள் எழுதிய 23 கட்டுரைகளையும் கணினியில் தட்டெழுதி முடித்திருந்தோம். எல்லாக் கணினிகளிலிருந்தும் விரலியில் எடுத்து, ஒரே கணினியில், 'கட்டுரைகள்' என்னும் கோப்புறைக்குள் சேர்த்தாகிவிட்டது. சேர்த்தபோது படியெடுக்காமல் 'நகர்த்து' கட்டளையைத்தான் பயன்படுத்தினோம். மூலக் கணினிகளில் எதுவும் மிச்சமில்லை. அந்தக் கோப்புறையை என் ஒப்படைப்புக் கோப்புறைக்குப் படியெடுத்துத் தருவதற்காக 'அளி' என்று ஒரு மாற்றுப்பெயர் வைத்திருந்தேன். வேண்டாத கோப்புறையை உள்ளிருப்பதோடு நீக்குவதற்கு 'அழி' என்று இன்னொன்று.

ஆம், நீங்கள் எண்ணுவது சரி.

குழுத்தலைவியாக இருந்த அதே மாணவி, 'அழி கட்டுரைகள்' என்று எழுதினாள். பச்சை நிறம் வந்தது. இரண்டுமே உள்ள கட்டளைகள் ஆயிற்றே, வராமல் என்ன செய்யும்? எண்டர் விசையைத் தட்டினாள். ஷெல் ஒன்றும் கேட்கவில்லை. உடுக்குறி போட்டு எல்லாவற்றையும் நீக்கச் சொன்னால் இசட்-ஷெல் ஒருமுறை உறுதி கேட்கும். கோப்புறையின் பெயரைச் சொல்லி நீக்கச் சொன்னால் கேட்காது. முனையத்தில் நீக்கியது மீட்புத் தொட்டிக்கும் போவதில்லை. 'பட்டியல்' என்று எழுதிப் பார்த்தவளுக்கு ஒன்றும் வரவில்லை. என்னைக் கூப்பிட்டபோது அவளுக்குக் குரல் வரவில்லை.

அவளைத் திட்ட வாய் திறக்கும் முன்பே எனக்கு உண்மை உறைத்தது. 'அழி', 'அளி' இரண்டையும் பேச்சில் வேறுபடுத்தாத பிள்ளைகள் இங்கே எத்தனை பேர் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆண்டுதோறும் பயிற்றுத்தாளில் இந்த இணையையே கேட்பவன் நான். தேர்வுத்தாளில் ஒரு மதிப்பெண் குறைக்கும் பிழைக்கு, 23 பிள்ளைகளின் உழைப்பைப் பணயம் வைத்துக் கட்டளை அமைத்துவிட்டேன். வகுப்பைக் கூட்டி, "இது என் தவறு, அவள் தவறு அல்ல" என்று சொன்னேன். ஒருவன் மட்டும், "ஆனால் ஐயா, அவள்தானே ழகரம் போட்டாள்?" என்றான். அதுவும் மெய்தான். என்ன சொல்வது?

விரலியிலும் என் மின்னஞ்சலிலும் தேடியதில் ஆறு கட்டுரைகள் கிடைத்தன. மீதம் பதினேழையும் கையெழுத்துத் தாள்களைப் பார்த்து மீண்டும் தட்டெழுதினோம். தாளே இல்லாத நான்கு பேர் நினைவிலிருந்து எழுதினார்கள். அம்மாணவி தன் கட்டுரையோடு மற்றவர்களின் ஐந்தையும் சேர்த்துத் தட்டெழுதினாள். வேண்டாம் என்று நான் தடுத்தும் கேட்கவில்லை. இதழ் மூன்று வாரம் தாமதமாக வந்தது. முன்பு பேசிய தந்தையாரிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஆங்கிலத்தில் 'ஆர்எம்' என்றும் 'சிபி' என்றும் இருந்திருந்தால் மாறியிருக்காது இல்லையா, ஐயா?" என்று மட்டும் கேட்டார். மாறியிருக்காதுதான். யூனிக்சை உருவாக்கியவர்கள் வைத்த மொட்டைப் பெயர்களை நான் கேலி செய்ததுண்டு. இந்த ஒன்றில் அவை என்னுடையவற்றைவிட நல்ல பெயர்கள்.

அதன்பின் 'அழி' என்னும் பெயரை எல்லாக் கணினிகளிலிருந்தும் எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் 'குப்பை' என்று வைத்தோம். அது எதையும் நீக்காது, குப்பைத்தொட்டி என்னும் கோப்புறைக்கு நகர்த்தும், அவ்வளவே. வெள்ளிக்கிழமைதோறும் அத்தொட்டியை நானே பார்த்துக் காலி செய்கிறேன். 'அளி' என்பது 'ஒப்படை' ஆயிற்று. பள்ளியில் தமிழ்க் கட்டளை அமைக்க விரும்பும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது ஒன்றே: பெயர்களை எழுதி வைத்து, மாணவர்களை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒலியில் நெருங்கும் இரண்டு பெயர்கள் இருந்தால் ஒன்றை மாற்றிவிடுங்கள். படியெடுக்கும் கட்டளையைப் பழக்கிய பிறகே நகர்த்தும் கட்டளையைப் பழக்குங்கள்.

அந்தத் தந்தையாரின் அச்சம் வேறு விதமாகத் தீர்ந்தது. சில மாதங்களில் மாணவர்கள் 'பட்டியல்' என்று எழுதுவதை விட்டுவிட்டார்கள். 'எல்எஸ்' என்றால் இரண்டே விசைகள் அல்லவா! யாரும் சொல்லாமலே மாறிக்கொண்டார்கள். 'ஏலியஸ்' என்று தனியே எழுதினால் எல்லா மாற்றுப்பெயர்களும் அவற்றுக்குரிய ஆங்கிலக் கட்டளைகளோடு வரிசையாக வரும். அதைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறார்கள். தமிழில் நிலைத்தவை மூன்றுதான்: 'எழுத்தெண்', 'ஒப்படை', 'குப்பை'. முதல் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் நீண்ட கட்டளை. மூன்றாவது ஏன் நிலைத்தது என்று கேட்டால், சொல்லச் சிரிப்பாக இருக்கிறதாம்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. கட்டளைக்காகக் காத்திருக்கும் வரியில் வழக்கமான அம்புக்குறிக்குப் பதிலாகச் 'சொல்க' என்று வரும்படி அமைத்திருக்கிறோம். எட்டுக் கணினிகளில் ஒழுங்காக வருகிறது. நான்காம் எண் மடிக்கணினியில் மட்டும் கொம்பு ஒரு பக்கமும் சகரம் ஒரு பக்கமுமாக விலகி நிற்கிறது. வரியைத் திருத்தினால் சுட்டி ஒரு கட்டம் தள்ளிப்போய் வேறோர் எழுத்தின்மேல் நிற்கிறது. ஷெல் ஒரு கணக்கிலும் முனையம் வேறு கணக்கிலும் கட்டங்களை எண்ணுவதால் வருவது என்று ஊகிக்கிறேன். எழுத்துருவை மாற்றிப் பார்த்தேன். வேறு இரண்டு முனையங்களையும் நிறுவிப் பார்த்தேன். அந்தக் கணினி யாருக்கு வாய்க்கிறதோ அவர்கள் 'சொல்க' என்பதை நீக்கிவிட்டு அம்புக்குறியையே வைத்துக்கொள்கிறார்கள். இதைத் தீர்க்கும் வழி அறிந்தவர்கள் எழுதினால், வரும் சனிக்கிழமையே செய்து பார்ப்போம்.